அம்மாவை நடக்க விடாத மகன்

என் அம்மாவின் உடைந்த கால், கூட வேண்டிய காலத்தில் கூடாமல் போனதற்கு நான்தான் காரணம். சொந்தக்காரர்கள் அவள் வயதைச் சொன்னார்கள். அக்கம்பக்கத்தில் சத்துக் குறைவு என்றார்கள். அம்மாவோ தன் ரத்தத்தையே குறை சொன்னாள். எல்லாவற்றையும் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். மறுத்து ஒரு வார்த்தை பேசவில்லை. நான் உடற்கல்வி ஆசிரியன். ஓமலூர் வட்டாரத்துப் பள்ளி ஒன்றில் பிள்ளைகளைக் காலையும் மாலையும் ஓடவிட்டுப் பழக்குவதுதான் என் வேலை. அசைவு இல்லாவிட்டால் எலும்புக்கு என்ன ஆகும் என்பது எனக்குத் தெரியாது என்று சொல்லித் தப்பிக்க வழியே இல்லை.

கால் உடைந்ததும் என்னால்தான். தாரமங்கலம் ரோட்டில் வண்டியை ஓட்டியவன் நான். அம்மா பின்னால் ஒருபக்கமாக உட்கார்ந்திருந்தாள். வேகத்தடையில் பூசியிருந்த வெள்ளைக்கோடு தேய்ந்துபோயிருந்தது. கிட்டே போன பிறகே கண்ணில் பட்டது. பிரேக் பிடித்த வேகத்தில் அம்மா சரிந்தாள், வண்டி அவள் இடது கால்மேல் சாய்ந்தது. கணுக்காலுக்கு நாலு விரற்கடை மேலே எலும்பு முறிந்துவிட்டது. தோல் கிழியவில்லை. 108 வந்தது, சேலத்துக்குக் கொண்டுபோனோம், ஆபரேஷன் செய்து எலும்பின் நடுவே ராடு வைத்தார்கள்.

பார்க்க வந்த சொந்தத்தில் பாதிப்பேர் ஆந்திரப் புத்தூருக்குக் கொண்டுபோய்க் கட்டுப் போட்டிருக்கலாமே என்றார்கள். நான் பெரிய படிப்பாளி போல அவர்களிடம் பேசினேன். எலும்பு நேராக நிற்கிறதா என்று எக்ஸ்ரே பார்க்காமல் கட்டக் கூடாது, எங்கே யார் கட்டினாலும் கட்டு இறுகினால் ரத்த ஓட்டம் தடைப்படும், விரல் கறுத்துக் காலையே எடுக்க வேண்டி வந்தவர்கள் உண்டு என்றெல்லாம் விளக்கினேன். சொன்னதெல்லாம் சரிதான். ஆனால் ரத்தம் போகாவிட்டால் கால் பிழைக்காது என்று வாசலில் உட்கார்ந்து பாடம் நடத்திய நான்தான், அதே வீட்டுக்குள் அம்மாவின் காலுக்குப் போகும் ரத்தத்தைக் குறைத்துக்கொண்டிருந்தேன்.

வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் தெளிவாகச் சொன்னார். ராடு உறுதியாக இருக்கிறது, வாக்கரைப் பிடித்துக்கொண்டு வலி பொறுக்கிற அளவுக்கு ஊன்றலாம், ஊன்றவும் வேண்டும் என்றார். பிசியோதெரபி பார்க்கும் ஒரு பெண், சின்ன வயதுதான், அம்மாவின் கட்டிலருகே மண்டி போட்டு உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் காட்டினாள். முழங்காலுக்கு அடியில் துண்டைச் சுருட்டி வைத்து, அதைக் கீழே அழுத்தித் தொடைச் சதையை இறுக்கிப் பிடிக்க வேண்டும். பாதத்தை முகத்துப் பக்கம் இழுத்து, பிறகு கீழே தள்ள வேண்டும். காலை மடக்காமல் ஒரு சாண் உயர்த்தி, எண்ணிக்கொண்டே நிறுத்தி இறக்க வேண்டும். பாதத்துக்குத் துண்டைக் கொடுத்து இரண்டு கையாலும் இழுத்துக் குதிகால் தசைநாரை நீட்ட வேண்டும். விழித்திருக்கும் நேரமெல்லாம் மணிக்கு ஒரு தரம் பாத அசைவு. அச்சடித்த தாளையும் என் கையில் கொடுத்து, "சார், நீங்க பி.டி. மாஸ்டருன்னு சொன்னாங்க, உங்களுக்கு நான் சொல்லணுமா?" என்றாள். தலையாட்டினேன்.

வீட்டுக்கு வந்த மறுநாள் காலையில் அம்மாவின் பாதத்தைப் பிடித்து மேலே தள்ளினேன். காலெல்லாம் வீங்கி மினுமினுத்தது. தையல் போட்ட இடத்தைச் சுற்றி மஞ்சளும் நீலமுமாக இருந்தது. பாதம் ஒரு விரற்கடைகூட நகர்ந்திருக்காது, "வேண்டாஞ்சாமி, உசுரு போவுது" என்று கத்தினாள். கையை எடுத்துவிட்டேன். ரோட்டில் விழுந்தபோது அவள் கத்திய அதே குரல். அதை இன்னொரு தரம் கேட்க எனக்குத் தைரியம் இல்லை. "சரி, படும்மா. எலும்பு கூடற வரைக்கும் அசையக் கூடாதுன்னு டாக்டரே சொல்லிட்டாரு" என்றேன்.

முதல் பொய் அது. அதே பொய்யை என் மனைவியிடமும் சொன்னேன். சித்தியிடமும் சொன்னேன். வாக்கரைத் தறிக் கொட்டகைக் கதவுக்குப் பின்னால் நிறுத்தினேன். பயிற்சித் தாளை மடித்து வண்டியின் ஆர்.சி. புத்தகத்தோடு வைத்துவிட்டேன். அம்மாவுக்குப் பெட்பேன் வைத்து எடுத்ததும், உடம்பு துடைத்துவிட்டதும், முதுகில் புண் வராமல் திருப்பிப் போட்டதும் என் மனைவிதான். அத்தை நடந்தால் தனக்குச் சிரமம் குறையுமே என்று அவள் ஒரு தரம்கூடக் கேட்கவில்லை. நான் சொன்னதை டாக்டர் சொன்னதாகவே நம்பினாள்.

பயம் மட்டும் காரணம் என்று சொன்னால் அது அரை உண்மை. அப்போது குறுவட்டப் போட்டிக்குப் பிள்ளைகளைத் தயார் செய்துகொண்டிருந்தேன். விடிகாலையில் மைதானத்துக்குப் போனால் இருட்டிய பிறகே வீடு. அம்மாவைப் பயிற்சி செய்ய வைப்பதென்றால் பக்கத்தில் இருக்க வேண்டும், கெஞ்ச வேண்டும், அதட்ட வேண்டும், வலிக்கும் காலைப் பிடித்துக்கொண்டு பொறுமையாக எண்ண வேண்டும். அவள் படுத்தே இருந்தால் எனக்கு அந்த வேலை இல்லை. படுக்க வைப்பது எனக்கு வசதியாக இருந்தது. ஊர் கண்ணுக்கு அது பாசமாகவும் தெரிந்தது. "அம்மாவை ஒரு வேலை செய்ய விடமாட்டான், தாங்கு தாங்குன்னு தாங்கறான்" என்று பேசினார்கள். அந்தப் பேச்சு எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

நான் என்ன செய்தேன் என்பது புரிய, எலும்புக்குள் நடப்பதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எலும்பைக் கல்லைப் போல உயிரற்றது என்று நினைக்கிறோம். இதயம் அனுப்பும் ரத்தத்தில் பத்தில் ஒரு பங்கை ஒட்டி எலும்புகளுக்குப் போகிறது. கீழ்க்காலின் பெரிய எலும்பில், பின்பக்கத்தில் மேல்பாதியிலேயே ஒரு துளை வழியாக முக்கிய நாளம் உள்ளே இறங்கி, மஜ்ஜை வழியாகக் கீழ்நோக்கிப் போகிறது. எலும்புச் சுவரின் உள்பக்கத்துக்குப் பெரும்பாலும் அதுதான் ரத்தம் கொடுக்கிறது. வெளிப்பக்க ஓட்டுக்கு, எலும்பைப் போர்த்தியிருக்கும் சவ்வின் வழியே, சுற்றியுள்ள சதையிலிருந்து ரத்தம் வருகிறது. எலும்பு முறிந்தால் உள்ளே ஓடும் நாளம் அந்த இடத்தில் அறுந்துபோகும். நடுத்துளையைக் குடைந்து ராடு இறக்கும்போது மிச்சமிருக்கும் உள்நாளங்களும் சிதையும். அவை மறுபடி முளைத்து வரப் பல வாரம் ஆகும். அதுவரை உடைந்த இடம் உயிரோடு இருப்பது வெளியே உள்ள சதை தரும் ரத்தத்தை நம்பித்தான்.

அம்மாவுக்கு முறிந்த இடம் கீழ்க்காலின் கடைசி மூன்றில் ஒரு பாகம். உங்கள் கணுக்காலுக்கு மேலே கைவைத்துப் பாருங்கள். முன்பக்கத்தில் தோல், தோலுக்கு அடியிலேயே எலும்பு. நடுவில் சதை என்று எதுவும் இல்லை. கெண்டைச் சதையெல்லாம் மேலேயே முடிந்து, கீழே வெறும் தசைநார்களாக மெலிந்துவிடுகிறது. மேட்டூர்த் தண்ணீரில் கடைமடை வயல் எப்படியோ, அப்படி இந்த இடம். இங்கே உடைந்தால் எலும்பு கூடுவது தாமதமாகும், சிலருக்குக் கூடாமலே போகும் என்பது எலும்பு மருத்துவத்தில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம். இங்கே ரத்தம் குறையக் கூடாது என்பதால்தான் அந்தப் பெண் மணிக்கு ஒரு தரம் பாதத்தை ஆட்டச் சொன்னாள். பாதம் அசையும்போது கெண்டைச் சதை சுருங்கிச் சிரைகளை அழுத்துகிறது. தேங்கிய ரத்தம் மேலே ஏறுகிறது, வீக்கம் வடிகிறது, புது ரத்தம் இறங்க இடம் கிடைக்கிறது. நான் அதை நிறுத்தினேன்.

அதற்குப் பதிலாக அம்மாவுக்கு ஆட்டுக்கால் சூப் வைத்துக் கொடுத்தேன். ஓமலூர் சந்தையில் கால் வாங்கி வந்து, நானே சுட்டுச் சுரண்டி, மிளகு தட்டிப் போட்டு வைப்பேன். பிரண்டைத் துவையல் அரைக்கச் சொன்னேன். சுண்ணாம்புச் சத்து மாத்திரை ஒருவேளைகூடத் தவறவில்லை. உணவு வேண்டாம் என்று சொல்ல வரவில்லை, புரதமும் சுண்ணாம்பும் இல்லாமல் எலும்பு வளராது. ஆனால் சாப்பிட்ட சத்து முறிந்த இடத்துக்குப் போய்ச் சேர வேண்டும் அல்லவா? முறிந்த இடத்தில் முதலில் ரத்தம் உறைகிறது, பிறகு மென்மையான இழைகளும் குருத்தெலும்பும் உருவாகின்றன. ரத்த நாளம் உள்ளே நுழைந்த பிறகே அந்தக் குருத்தெலும்பு நிஜ எலும்பாக மாறுகிறது. நாளம் வராத இடத்தில் அது மாறாமல் அப்படியே நின்றுவிடும்.

இவற்றில் சிலவற்றை நான் கல்லூரியிலேயே படித்தேன். எலும்பு தன்மேல் விழும் பாரத்துக்கு ஏற்பத் தன்னைத் திருத்திக் கட்டிக்கொள்ளும் என்று 1892இல் ஜெர்மன் மருத்துவர் யூலியஸ் வோல்ஃப் எழுதியது எங்களுக்குத் தேர்வுக் கேள்வி. விண்வெளியில் பாரமின்றி மிதப்பவர்களுக்கு மாதத்துக்கு ஒரு சதவீதத்துக்கும் மேல் இடுப்பெலும்பு கரைகிறது என்பதை எட்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்திருக்கிறேன். மீதியை அம்மாவின் கால் கூடாமல் நின்ற பிறகு தேடித் தேடிப் படித்தேன். படிக்கப் படிக்க மனம் அறுத்தது.

1985இல் இங்கிலாந்தில் குட்ஷிப், கென்ரைட் என்ற இருவர் செம்மறி ஆட்டின் கீழ்க்கால் எலும்பை முறித்து, வெளியே சட்டம் பொருத்திச் சோதித்தார்கள். சில ஆடுகளுக்கு எலும்பைத் துளியும் அசையாமல் பிடித்தார்கள். சிலவற்றுக்குத் தினமும் கால் மணி நேரம் போல, ஒரு மில்லிமீட்டர் அளவுக்கு மட்டும் முறிவிடத்தில் அசைவு கொடுத்தார்கள். அசைவு கிடைத்த எலும்புகளே நன்றாகக் கூடின. அசைவு மிகுந்தால் கதை மாறும். எலும்பு கடகடவென்று ஆடினால் நுழைந்த நாளமே கிழிந்துவிடும். அதனால்தான் முதலில் உறுதியாக நிறுத்தி, பிறகு அளவாக அசைக்கச் சொல்கிறார்கள். 2013இல் பின்லாந்தில் நல்ல உடல்நிலை உள்ளவர்களை ஒரு காலை மட்டும் நீட்டி மடக்கச் செய்து, தொடை எலும்புக்குள் ரத்த ஓட்டத்தை அளந்தார்கள். லேசாக அசைத்தபோதே ஓட்டம் கூடிவிட்டது. அதைவிடப் பலமாகச் செய்தபோது பெரிதாக மேற்கொண்டு கூடவில்லை. இந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குத் தூக்கம் வரவில்லை. அம்மாவை ஓடச் சொல்லி யாரும் கேட்கவில்லையே. படுத்தபடி பாதத்தை ஆட்டச் சொன்னார்கள், அவ்வளவுதானே.

ஜெர்மனியின் முன்ஸ்டர் நகரில் ரால்ஃப் ஆடம்ஸ் ஆய்வகத்தில் அஞ்சலி குசும்பே, சரவணா ராமசாமி ஆகியோர் 2014இல் எலிகளின் எலும்புக்குள் ஒரு தனி வகை நுண்நாளங்களைக் கண்டு சொன்னார்கள். புது எலும்பு கட்டும் செல்கள் அந்த நாளங்களைச் சுற்றியே கூடியிருக்கின்றன. வயது ஏற ஏற அந்த நாளங்கள் குறைகின்றன. எலும்புக்கு வரும் ரத்த ஓட்டத்தைக் குறைத்தால் அவை வளர்வதும் தளர்கிறது, எலும்பு கட்டுவதும் தளர்கிறது என்பது 2016இல் ராமசாமியும் மற்றவர்களும் வெளியிட்ட கட்டுரை. வயதானவர்களுக்கு ஓய்வு கூடுதலாக வேண்டும் என்று நம் வீடுகளில் நினைக்கிறோம். வயதானவர்களுக்குத்தான் அந்த ஓட்டத்தை இழக்கிற வசதி இல்லை.

முதல் செக்கப்புக்குப் போனபோது டாக்டர் கேட்டார், "எக்ஸர்சைஸ் பண்றாங்களா? எவ்வளவு ஊன்றாங்க?" அம்மா என்னைப் பார்த்தாள். நான், "செய்றாங்க சார், ரெண்டு வேளையும்" என்றேன். அம்மா ஒன்றும் பேசவில்லை. நான் எதைச் சொல்கிறேன் என்றே அவளுக்குத் தெரியாது. எக்ஸ்ரேயில் முறிவுக்கோடு அப்படியே கறுப்பாகத் தெரிந்தது. அடுத்த தடவையும் அதே கேள்வி, அதே பதில், அதே கறுப்புக்கோடு. டாக்டர் குழம்பினார். சர்க்கரை பார்த்தார், தைராய்டு பார்த்தார், வைட்டமின் டி பார்த்தார், கிருமித் தொற்று இருக்கிறதா என்று பார்த்தார். அம்மாவின் கையிலிருந்து ஊசி ஊசியாக ரத்தம் எடுத்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. அவ்வளவு ரத்தமும் என் ஒரு பொய்யை மறைக்க எடுத்த ரத்தம். "எனக்கு ரத்தத்துல சாரம் இல்ல, அதான் ஒட்ட மாட்டேங்குது" என்று அம்மா பார்க்க வருபவர்களிடமெல்லாம் சொல்ல ஆரம்பித்தது அப்போதுதான்.

அந்தக் காலை நான் பார்க்காமல் இல்லை. வலது கெண்டைச் சதையைக் கையால் வளைத்துப் பிடித்தால் கட்டைவிரலும் நடுவிரலும் தொடாது. இடதில் தொட்டன. பாதம் கீழ்நோக்கித் தொங்கி, அப்படியே இறுகிவிட்டது. நிறுத்தி வைத்தால் குதிகால் தரையில் படவில்லை. தோல் மெல்லிசாகி, மயிர் உதிர்ந்து, தொட்டால் குளிர்ந்திருந்தது. ஒரு பிள்ளை மைதானத்தில் காலை லேசாக இழுத்து நடந்தாலே பத்து கஜத்திலிருந்து கண்டுபிடிப்பவன் நான்.

ராடு வைக்கும் முறையே எழுந்து நடப்பதற்காக வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் லிவர்பூலில் ஹியூ ஓவன் தாமஸ் என்ற மருத்துவர், உடைந்த காலுக்கு நீண்ட, இடைவிடாத ஓய்வு வேண்டும் என்றார். பாரிஸில் லூக்கா ஷாம்பியோன்யேர் அதற்கு எதிர்க்கட்சி, அசைவும் பிடித்துவிடுதலும் வேண்டும் என்றார். நெடுங்காலம் ஓய்வே வென்றது. மாதக்கணக்கில் மாவுக்கட்டில் கிடந்து, எலும்பு கூடிய பிறகும் மூட்டு இறுகிச் சதை கரைந்து முடமானவர்கள் ஏராளம். அதைப் பார்த்துத்தான் 1958இல் சுவிட்சர்லாந்து அறுவை மருத்துவர்கள் ஏ.ஓ. என்ற குழுவைத் தொடங்கினார்கள். எலும்பை உள்ளேயே உறுதியாகப் பிணைத்துவிட்டு நோயாளியைச் சீக்கிரம் அசைய வைக்க வேண்டும் என்பது அவர்கள் கொள்கை. இன்றைக்கு ஓமலூரிலிருந்து சேலம் போகும் ஒரு சாதாரணக் குடும்பத்துக்கும் அந்த வைத்தியம் கிடைக்கிறது. எங்கள் அம்மாவுக்கும் கிடைத்தது. நான் அவளை நூறு வருஷம் பின்னால் கொண்டுபோய்ப் படுக்க வைத்தேன்.

மறுபடி ஆபரேஷன் செய்து, இடுப்பெலும்பிலிருந்து எலும்பு எடுத்து வைக்க வேண்டி வரலாம் என்று டாக்டர் சொன்ன அன்றுதான் வாய் திறந்தேன். அம்மாவை வெளியே உட்கார வைத்துவிட்டு உள்ளே போய்ச் சொன்னேன். அவர் திட்டவில்லை. கொஞ்ச நேரம் எக்ஸ்ரேயையே பார்த்திருந்தார். பிறகு, "இதை முன்னாடியே சொல்லியிருந்தீங்கன்னா இவ்வளவு டெஸ்ட் எழுதியிருக்க மாட்டேனே" என்றார். ராடைப் பிடித்திருந்த ஸ்க்ரூ ஒன்றைக் கழற்றினார். அப்படிக் கழற்றினால் ஊன்றும்போது உடம்பின் பாரம் முறிந்த முனைகள்மேல் இறங்கி, இரண்டையும் ஒன்றோடொன்று அழுத்தும். நடக்க வேண்டும், நடந்தால்தான் இதற்குப் பலன் என்றார். இந்தத் தடவை நடக்க வைத்தேன். எலும்பு கூடியது, மெதுவாக, ஆனால் கூடியது. கணுக்கால் மூட்டு மட்டும் பாதிக்கு மேல் திரும்பவில்லை. காலம் தப்பிய மூட்டு.

அம்மாவிடம் சொன்னது அதற்கும் பிறகு. ரத்தத்தைப் பற்றி யாரிடமோ மறுபடி குறைபட்டுக்கொண்டிருந்தாள், என்னால் பொறுக்க முடியவில்லை. வந்தவர் போனதும் பயிற்சித் தாளை எடுத்துக் காட்டி, அசையக் கூடாதென்று டாக்டர் சொல்லவே இல்லை, நான்தான் சொன்னேன் என்றேன். அழுவாள் என்று நினைத்தேன். கோபப்பட்டாள். "வலி எனக்குத்தானேடா. பொறுக்க முடியுமா முடியாதான்னு நீ எதுக்குத் தீர்மானம் பண்ணினே? எங்கிட்டக் கேட்டியா?" என்றாள். என்னிடம் பதில் இல்லை. இரண்டு நாள் என்னோடு பேசவில்லை. என் மனைவி இன்னும் அந்தப் பேச்சை எடுத்தால் எழுந்து போய்விடுகிறாள், அவளுக்கு அந்த உரிமை உண்டு.

எங்கள் பக்கத்தில் ராடோ பிளேட்டோ வைத்துக்கொண்டு வீட்டில் படுத்திருக்கும் பெரியவர்கள் இல்லாத தெரு குறைவு. குளியலறையில் வழுக்கியவர்கள், வண்டியில் விழுந்தவர்கள், மாமரத்திலிருந்து விழுந்தவர்கள். ஊன்றலாமா கூடாதா என்பது முறிவைப் பொறுத்தது. தொடை எலும்பின் கழுத்தில் உடைந்தால் பந்துமுனைக்குப் போகும் நாளமே அறுந்து அந்த முனை செத்துப்போகக்கூடும், அங்கே கணக்கே வேறு. எப்போது எவ்வளவு என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். சொன்ன பிறகு அதை வீட்டில் செய்ய வைக்க ஆள் வேண்டும். மகனுக்கு மனம் துணியவில்லை என்றால் வேறொருவர் செய்யட்டும். 2021 ஆகஸ்ட் 5இல் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து பிசியோதெரபி கொடுப்பதும் உண்டு. நான் கேட்டிருந்தால் வந்திருப்பார்கள். கேட்டால் என் பொய் வெளியே வந்துவிடும் என்றுதான் கேட்கவில்லை.

அம்மா வேட்டித் தறிக்குத் தார் சுற்றிக் கொடுத்துச் சம்பாதித்தவள். ராட்டை முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தால் மதியம்வரை எழமாட்டாள். இப்போது அப்படி உட்காரக் கணுக்கால் மடங்குவதில்லை. ராட்டையைப் பலகை போட்டு உயர்த்திக் கொடுத்தேன். கைவாகு வரவில்லை என்று இறக்கி வைக்கச் சொல்லிவிட்டாள். தாரைச் சித்தி மகள் சுற்றுகிறாள். வாரக்கூலியும் அவளுக்குத்தான் போகிறது. அம்மா செலவுக்கு என்னிடம் கேட்கிறாள், கால் உடைவதற்கு முன்னால் அவள் யாரிடமும் கேட்டதில்லை.